மரவள்ளிக் கொல்லையில் நட்ட கற்கள்

ஆண்களைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகு, கெடாவில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்திலேயே சத்தமில்லாத வீடு குணவதியுடையதுதான். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளை அழும், சட்டி உருளும், யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார்கள். குணவதியின் வீடோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மெர்போக் ஆற்றுக்கு இறங்கும் மண்பாதை ஓரத்தில் தனியே நின்றது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்சருக்கும் மரியாதை வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடு. அந்த மரியாதையே இப்போது வினையாகிவிட்டது. லயத்துப் பெண்கள் அவளைக் கண்டால் ஒதுங்கி நின்று, "வாங்க வாத்தியாரம்மா" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு வளராது.

டிரஸ்சர் தர்மலிங்கம் அவள் கணவன். பிள்ளைகள் இல்லை. இருந்தவரைக்கும் அவன் வாய் ஓயாது. குணவதி பழைய செய்யுள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டு அரிசி களைந்தால், "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால செத்தவங்களோட நீ குடும்பம் நடத்துறே. நான் இன்னைக்குக் காய்ச்சல்ல கெடக்கிறவனோட மாரடிக்கிறேன். யாருக்குச் சம்பளம் கூடுதலா குடுக்கணும், நீயே சொல்லு" என்று சீண்டுவான்.

அவள் சுங்கை பட்டாணியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். அப்பா தன் மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு புலவரை வீட்டுக்கு வரவழைத்தார். மகன் பந்து விளையாட ஓடிவிடுவான். கொடுக்கும் தட்சிணை வீணாகக் கூடாதே என்று மகளை உட்காரவைத்தார்கள். அப்படித் தற்செயலாக வந்த படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பள்ளிக்கு எழுத்தும் கணக்கும் போதும் என்றுதான் துரை சொல்லியிருந்தார். அவளோ அரசர்களையும் போர்களையும் பழம்பாடல்களையும் சேர்த்தே நடத்தினாள். இதே கெடாவைக் கடாரம் என்று நம் ஆட்கள் அழைத்த காலத்தையும், கப்பல் கப்பலாக வந்து இறங்கியதையும் சொன்னாள். கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் இருளப்பன் ஒருநாள் பள்ளி வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் படிச்சிட்டு எங்க புள்ளைங்க பால்மரத்துக்கிட்ட போயி செய்யுள் சொல்லப் போறாங்களா?"

"தெரிஞ்சு வச்சிக்கிட்டா நல்லதுதானே, அண்ணே" என்றாள் குணவதி. அந்தப் பதில் அவளுக்கே நிறைவாக இல்லை.

ஜப்பான்காரன் வந்தபின் பள்ளியில் முதலில் ஜப்பானிய எழுத்தும் கிழக்கு நோக்கிக் கும்பிடும் பழக்கமும் வந்தன. பிறகு அரிசி நின்றது, பிள்ளைகளும் நின்றார்கள். துரை ஓடிப்போன பங்களாவில் புல் முளைத்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதும் நின்றுபோய், மரங்களுக்கு நடுவிலும் பள்ளித் திடலிலும் ஊபி நட்டார்கள். மரவள்ளியை அங்கே எல்லோரும் ஊபி என்றுதான் சொல்வார்கள். குணவதி பள்ளியைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுப் பின்புறத்தில் மண்வெட்டி பிடித்தாள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், மழைக்கு முந்தின வெயிலில், அரிசி கொடுக்கிறார்கள் என்று சொல்லி ஆண்களை ஆலைக் கொட்டகைக்கு வரச்சொன்னார்கள். பையும் சாக்கும் கொண்டு போனவர்களை அப்படியே லாரிகளில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். யார் வலுவானவன், யார் நோயாளி என்று சிப்பாய்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் இருளப்பன். காட்டாவிட்டால் அவர் தலை போயிருக்கும் என்றும் சொன்னார்கள். அவருடைய சொந்தத் தம்பியையும் அதே லாரியில்தான் ஏற்றினார்கள். அவரால் தடுக்க முடியவில்லை.

தர்மலிங்கத்தை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். ஆட்களோடு ஒரு டிரஸ்சரும் போகவேண்டும் என்று உத்தரவு. அவன் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டான். குணவதி அவன் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்குவதைப் பார்த்து, தைத்துத் தருகிறேன் என்று ஊசி தேடினாள்.

"விடு. மூணு மாசத்துல வந்துருவேன்லா. அப்ப தச்சுக் குடு" என்றான்.

மூன்று மாசம் போயிற்று. கெடாவையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டானாம், கொடி மாறியது, சிப்பாய்கள் மாறவில்லை. ரயில் பாதை போட்டு முடிந்துவிட்டதாகவும் சொன்னார்கள். ஆட்கள் மட்டும் திரும்பவில்லை. ஒரு கடுதாசி இல்லை, வாய்ச்சேதி இல்லை.

குணவதிக்குப் பேச ஆளில்லாமல் போன நாட்கள் அவை. காலையில் களை பறிப்பாள். கிழங்கு பிடுங்குவாள், அவிப்பாள், தின்பாள். சில நாள் மாலையில் தன் குரலே தனக்குப் புதிதாய்க் கேட்கும். அப்போதெல்லாம் பாடல்கள்தான் துணைக்கு வந்தன. மழைக்கு முன் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவன் மழை வந்தும் வராமலிருக்க, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றிய பாடல்கள். அவற்றை அவள் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறாள். என்ன நிலம், என்ன பொழுது, யார் கூற்று என்று பிள்ளைகளைக் கேட்டுத் தலையில் குட்டியிருக்கிறாள். ஒருநாள் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்தபோது, மேற்கே மேகம் கறுத்து வந்தது. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒருத்தி நிஜமாக உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் அந்த மேகத்தை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று குணவதிக்குத் தெரிந்தது.

புத்தகங்கள் அதிக நாள் தங்கவில்லை. புகையிலை சுருட்டக் காகிதம் கிடைக்காமல் பாசார் கடைத்தெருவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி எந்தத் தாளானாலும் வாங்கிக்கொண்டார். உப்பும் தேங்காயெண்ணெயும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? முதலில் சரித்திரப் புத்தகங்கள் போயின. பிறகு இலக்கணம் போயிற்று. கடைசியாக, புலவர் கொடுத்துவிட்டுப் போன செய்யுள் புத்தகங்களும் போயின. அன்று அவள் உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். அழுகை வரவில்லை. படித்ததால் என்ன கண்டோம், கடைசியில் ஒரு கை உப்பு என்று தோன்றியது.

மறு வருஷம் ஒரு மத்தியானம், ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆள். இடுப்பில் கிழிந்த சாக்கு, காலில் எலும்பு தெரியும் புண். சயாமிலிருந்து தப்பிக் காட்டுவழியாகவே வந்தவன். லயத்துப் பெண்கள் அவனைக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குள் இழுத்து உட்காரவைத்துக் கிழங்கு கொடுத்தார்கள். சேதி கேட்டுக் குணவதியும் ஓடிவந்து கதவோரம் நின்றாள்.

அவன் தின்றுகொண்டே சொன்னான். அழாமல், தயங்காமல், வேறு யாரோ சொல்லச் சொன்னதைச் சொல்வதுபோலச் சொன்னான். பேதி வந்தது. ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். மூங்கிலை அடுக்கி எரித்தார்கள், எரிக்க முடியாதபோது குழியில் தள்ளினார்கள். இந்தத் தோட்டத்து ஆட்கள் இருந்த முகாமில்தான் அவனும் இருந்தான்.

"சின்னையான்னு ஒருத்தன், நெத்தியில வெட்டுத் தழும்பு. அவன் செத்தத நான் பார்த்தேன்" என்றான்.

செல்லாயி அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னையா அவள் கணவன்.

இன்னும் சில பெயர்களைச் சொன்னான். இருளப்பனின் தம்பி பெயரும் அதில் வந்தது. பாப்பம்மா தன் கணவன் வீரசாமியைக் கேட்டாள்.

"அவர மூங்கில் கொட்டாயில போட்டுட்டு வந்தோம்க்கா. அந்தக் கொட்டாயிலேருந்து யாரும் எந்திரிச்சு வந்ததில்ல."

குணவதி கதவோரத்தை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "டிரஸ்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"டிரஸ்சர் ஐயாவ ஆத்துக்கு மேல வேற முகாமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதும்மா."

அவன் அன்றே போய்விட்டான். அவன் போன கையோடு இருளப்பன் வந்தார். தம்பியின் சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. முகம் கன்றிப்போய்த்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு.

"ஓடிவந்தவனுக்குச் சோறு போட்டது தெரிஞ்சா ஜப்பான்காரன் லயத்தையே கொளுத்திருவான். அதனால யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது. தாலியக் கழட்டக் கூடாது. பொட்ட அழிக்கக் கூடாது. சேதி தெரியாத மாதிரியே இருங்க. கேக்குதா?"

கேட்டது. மறுநாள் காலையில் பெண்கள் குங்குமம் வைத்துக்கொண்டு ஊபிக் கொல்லைக்கு வந்தார்கள். செல்லாயியும் வந்தாள். அவள் நெற்றியில் பொட்டு மற்ற நாளைவிடப் பெரிதாக இருந்தது. அதை நேராகப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்படியே நாட்கள் போயின. செல்லாயி சாப்பிடுவதை விட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். ஒரு பிற்பகல், வெயில் சாய்ந்த நேரத்தில், அவள் குணவதியின் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். லயத்துப் பெண் ஒருத்தி அந்தப் படியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள வா, செல்லாயி."

"வேணாம். ஒண்ணு கேக்கணும், வாத்தியாரம்மா. நீங்க படிச்சவங்க." செல்லாயி தரையைப் பார்த்தபடி பேசினாள். "பொணம் இல்ல. சாம்பல் இல்ல. சத்தம் போட்டு அழக்கூடாதுன்னுட்டாங்க. ராத்திரி துணிய வாயில வச்சிக்கிட்டு அழுவுறேன். ஆனா யாருக்காக அழுவுறேன்னே தெரியல. அவரு லாரியில ஏறுனதுதான் கண்ணுல நிக்குது. செத்தவரா தெரியமாட்டேங்குறாரு. தூரமாப் போயிச் செத்தவங்களுக்கு என்னா செய்யுறது? நீங்க படிச்சதுல எங்கனாச்சும் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் குணவதி வாயெடுத்தாள். புத்தகங்களை உப்புக்குப் போட்டவளிடம் என்ன இருக்கும்? ஆனால் சொல் வெளியே வருமுன் எங்கோ அடியிலிருந்து ஒரு பாடம் மேலே வந்தது. பரீட்சைக்காகப் பிள்ளைகளை உருப்போட வைத்த பாடம். கல்லைப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. ஒழுங்கு மாறிச் சொன்னவனுக்கு அவள் மதிப்பெண் குறைத்திருக்கிறாள். அது யாருடைய துக்கம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கல்லு நடுவாங்க."

"கல்லா?"

"ஊர்விட்டுப் போயி செத்தவனுக்கு அந்தக் காலத்துல கல்லு நட்டாங்க, செல்லாயி. பொணம் வந்தாலும் வராட்டியும். ஆத்துக்குப் போயி நல்ல கல்லாப் பார்த்து எடுத்து, குளிப்பாட்டி, ஊருக்குப் பக்கத்துல நட்டு வப்பாங்க. பூப்போட்டு, அவன் குடிச்சதையும் தின்னதையும் படைப்பாங்க. அவன் என்ன செஞ்சான்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் அவன் அந்தக் கல்லுல இருக்கான்னு கணக்கு."

செல்லாயி இல்லை என்பதுபோலத் தலையசைத்தாள். "அவுங்கள்லாம் ராசாவுக்குச் சண்டை போட்டவங்களா இருக்கும். எம்புருசன் பால்மரம் வெட்டுனவருதானே?"

"மாடு மேய்ச்சவங்களுக்கும் நட்டிருக்காங்க. ஊரு மாட்டத் திருட வந்தவன மறிச்சுச் செத்தவங்க. அவுங்களும் கூலிக்காரங்கதான்."

"பொம்பளைங்க நடலாமா?"

இதற்குப் பாடத்தில் பதில் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. "ஆம்பளைங்க இருந்தா அவுங்க நட்டிருப்பாங்க" என்றாள் குணவதி. "இல்லாததுனாலதானே நடுறோம்."

துணி துவைக்கப் போகிறவர்களைப் போல அவர்கள் ஆற்றுக்கு இறங்கினார்கள். சேதி வந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அந்தக் கரையில் பழங்காலத்துச் செங்கற்கள் பெயர்ந்து கிடக்கும். யுத்தத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் வந்து தோண்டி அளந்துவிட்டுப் போன இடம் அது. கடல் தாண்டி வந்த யாரோ கும்பிட்ட கோயிலின் அடித்தளம் என்று குணவதி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியதுண்டு. பெண்கள் செங்கல்லைத் தொடவில்லை. ஆற்றுக்கல்லைத்தான் தேடினார்கள். பாப்பம்மா எடுப்பதும் போடுவதுமாக இருந்தாள். "இது அவருக்குக் குட்டையா இருக்கு" என்றாள் ஒன்றை. அவள் சொன்னது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. எல்லோரும் சேர்ந்து உயரமானதாக ஒன்று தேடிக்கொடுத்தார்கள்.

தண்ணீரில் கல்லைக் கழுவும்போது செல்லாயி அதன் முதுகைத் தேய்த்தாள். வேலை முடிந்து வந்த மனுஷனுக்கு முதுகு தேய்ப்பதுபோல, அழுத்தி, நிதானமாக. தேய்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பள்ளித் திடலில் ஆளுயரம் வளர்ந்து நின்ற மரவள்ளிக்கு நடுவே குழி பறித்து நட்டார்கள். படைக்கக் கள் இல்லை, சோறு இல்லை. அவித்த கிழங்கும் வெற்றிலையும் வைத்தார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எல்லோரும் குணவதியைப் பார்த்தார்கள்.

"அவுங்கவுங்க ஆளப் பத்திச் சொல்லுங்க" என்றாள். "மெதுவாச் சொன்னா போதும்."

செல்லாயி கல்லைப் பார்த்துச் சொன்னாள்: "கோவம் வந்தா சட்டியப் போட்டு ஒடைப்பாரு. மறுநாளு சம்பளத்துல புதுச்சட்டி வாங்கிட்டு வந்து, பேசாம அடுப்புக்கிட்ட வச்சிட்டுப் போவாரு. என்னைய ஒருநாளும் அடிச்சதில்ல." கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "காலையில பேரு கூப்புடுற பிரட்டுக்கு ஒருநாளும் பிந்திப் போனதில்ல. அரிசி குடுக்குறாங்கன்னு மொத ஆளாப் போனாரு."

அதோடு அவள் முகம் உடைந்தது. சத்தமில்லாமல்தான் அழுதாள். ஆனால் இந்த முறை யாருக்காக என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தன் உறுமி அடிப்பதில் கெட்டிக்காரன். ஒருத்தன் கடன் வாங்கியாவது அக்கா மகளுக்குச் சீர் செய்தவன். வீரசாமி தூக்கத்தில் சிரிப்பாராம். அரசர்களுக்கு எழுதின மெய்க்கீர்த்தியைவிட இது ஒன்றும் குறைந்ததில்லை என்று குணவதி நினைத்தாள்.

எல்லாம் முடிந்ததும் பாப்பம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டிரஸ்சர் ஐயாவுக்கு ஒரு கல்லு, வாத்தியாரம்மா?"

"சேதி வரலியே, பாப்பம்மா."

அவர்கள் கூட்டமாக லயத்துக்குப் போனார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டிருந்தாள். குணவதி தன் வீட்டுக்கு நடந்தாள். அவர்களுக்குத் துக்கமாவது இருந்தது. அவளிடம் அதுவும் இல்லை.

நாலைந்து நாளில் இருளப்பன் கண்டுபிடித்துவிட்டார். கையில் பாராங் கத்தியோடு மரவள்ளிக்குள் நுழைந்தவர், கற்களையும் காய்ந்த வெற்றிலையையும் பார்த்துக் கத்தினார். குணவதி மண்வெட்டியோடு எழுந்து வந்தாள்.

"என்னாம்மா இது? ஜப்பான்காரன் வந்து கேட்டா என்னா பதில் சொல்றது? படிச்சவங்க செய்யுற வேலையா இது? பிடுங்கிப் போடுங்க எல்லாத்தையும்!"

"நீங்களே பிடுங்குங்க, அண்ணே. அது சின்னையா. அந்தப் பக்கம் வீரசாமி. இது உங்க தம்பி. அவருக்குப் பொண்டாட்டி இல்லியேன்னு செல்லாயிதான் எடுத்தாந்து நட்டா."

இருளப்பனின் கை கத்தியோடு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் அந்தச் சின்னக் கல்லையே பார்த்தார். இன்னொரு கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை இறக்கிக் கக்கத்தில் இடுக்கியது. அதை அவரே கவனித்திருக்க மாட்டார்.

"அவனப் பத்தி என்னா சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

"எங்களுக்கு அதிகமாத் தெரியல. நல்லாப் பாடுவாருன்னு சொன்னோம்."

"பாட மாட்டான். கத்துவான்." அவர் கத்தியை இடுப்பில் செருகினார். "ஊபிக்கு நடுவுல கல்லு கெடந்தா எவன் கேக்கப் போறான். மண்ணு அணைச்சு விடுங்க, தெரியாது." போய்விட்டார். அதன்பிறகு அவர் குணவதியின் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போன சேதி வந்தபோது மரவள்ளி மறுபடி காடாய் வளர்ந்திருந்தது. மேலும் பல மாதம் கழித்து, சயாமிலிருந்து பிழைத்த ஆட்களை ரயிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். குணவதி சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இறங்கும் முகங்களைப் பார்ப்பாள். எல்லா முகமும் ஒரே முகமாகத்தான் இருந்தது. எலும்பும் கண்ணும். தர்மலிங்கம் அதில் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவேளை அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படி வந்தவர்களில் வீரசாமி இருந்தார்.

பாப்பம்மா அவரைக் கண்டு ஓவென்று கத்தினாள். கட்டிப்பிடித்தாள், அடித்தாள், பிறகு பேயறைந்தவளாக நின்றுவிட்டாள். கல் நினைவுக்கு வந்துவிட்டது. உயிரோடிருக்கிற கணவனுக்குக் கல் நட்டுப் படைத்த பாவி ஆகிவிட்டோமே என்று குணவதியிடம் ஓடிவந்தாள்.

"எடுத்து ஆத்துல போட்டுருவோம், வாத்தியாரம்மா. அவருக்குத் தெரியவே வேணாம்."

ஆனால் லயத்தில் எது மறைந்திருக்கும்? மறுநாள் வீரசாமியே கோலூன்றிக்கொண்டு வந்தார். தன் கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"ஒசரமாத்தான் பார்த்து நட்டிருக்கா" என்றார். கோபம் இல்லை. பிறகு குணவதியிடம் திரும்பினார். "டிரஸ்சர் ஐயாவ நான் பார்த்தது மேல் முகாமுக்குப் போனப்பதான்மா. போறப்ப இருந்த கினைன் மாத்திரைய எங்களுக்குக் குடுத்துட்டுப் போனாரு. அவருக்கு வச்சிக்கிட்டாரான்னு தெரியல. அந்த முகாமுலேருந்து வந்த யாரையும் நான் பார்க்கல. பொய்யா ஒண்ணு சொல்ல எனக்கு வாய் வரல."

"வேணாம். பொய் வேணாம்" என்றாள் குணவதி.

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நான் கொட்டாயில கெடந்தேன். எம்பக்கத்துல ஒரு ஆளு. தமிழுதான். எந்தத் தோட்டம், என்னா பேருன்னு கேக்கல, எனக்குப் பேச்சு வராது அப்ப. அவனுக்கும் பேதிதான். தவழ்ந்து போயி ஓடையில சட்டியில தண்ணி மொண்டு வருவான். பாதிய எனக்கு ஊத்துவான். ஒருநா தண்ணி கொண்டாந்து வச்சிட்டு, படுத்தான். அவ்வளவுதான்." மூச்சு வாங்கினார். "எனக்கு வச்ச கல்ல அவனுக்குக் குடுத்துரலாமா? உங்க படிப்புல அப்பிடி வழி இருக்கா?"

குணவதி நினைவைத் துழாவினாள். அப்படி ஒரு வழி எந்தப் பாட்டிலும் இல்லை. எந்தக் கல்வெட்டிலும் அவள் கேள்விப்பட்டதில்லை.

"இல்ல" என்றாள். "ஆனா குடுக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். இப்போது பயம் இல்லை. உறுமி இருந்தது, கொஞ்சம் அரிசிச் சோறும் இருந்தது. செல்லாயி வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு வந்தாள். வாய்விட்டு அழ அனுமதி கிடைத்துவிட்டதால் பெண்கள் ஊர் கேட்க அழுதார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னாலும் அவரவர் ஆட்கள் நின்று சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். இருளப்பனும் வந்து, தம்பியின் கல்லுக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றுவிட்டுப் போனார். உயரமான கல்லின் முறை வந்தது. தண்ணீர் கொடுத்ததை வீரசாமி சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"அவருக்குன்னு ஒரு பொம்பள சொல்லணுமே" என்றாள் செல்லாயி. "வாத்தியாரம்மா, நீங்க சொல்லுங்க."

குணவதி முன்னால் வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. அதை வைப்பதா அழிப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கல்லைப் பார்த்தாள். இந்த மனிதனுக்கு எங்கோ ஒரு லயத்தில் ஒருத்தி இருப்பாள். ஒவ்வொரு ரயிலாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். அவன் கடைசியாக என்ன செய்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லப் போவதில்லை. ஆற்றுக்கு மேலே ஏதோ ஒரு முகாமில் தர்மலிங்கம் செய்ததைப் பார்த்த யாரோ ஒருவனும், வேறொரு தோட்டத்தில் இறங்கி, வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"உங்க பேரு எங்களுக்குத் தெரியல" என்று அவள் கல்லிடம் தொடங்கினாள். வகுப்பில் பேசும் குரல்தான் வந்தது. "ஒரு சட்டித் தண்ணி இருந்தது. அதுல பாதிய அடுத்தவருக்குக் குடுத்தீங்க. உங்களுக்கே முடியாதப்ப தவழ்ந்து போயி கொண்டாந்தீங்க. உங்க வீட்டு அம்மா இங்க இல்ல. அவுங்களுக்குப் பதிலா நான் சொல்றேன். நல்ல மனுஷன் நீங்க."

அதற்குமேல் அந்தக் குரல் நிற்கவில்லை. மூன்று வருஷம் உள்ளே கிடந்தது எல்லாம் அந்தப் பேர் தெரியாதவன் முன்னால் வெளியே வந்தது. செல்லாயி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

சுங்கை பட்டாணியிலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டான். அவள் போகவில்லை. தோட்டம் மறுபடி பால் வெட்டத் தொடங்கியது. பள்ளியைத் திறந்தார்கள். புத்தகங்கள் ஒன்றும் இல்லை. அவள் நினைவில் இருந்ததைக் கரும்பலகையில் எழுதி நடத்தினாள். பழைய அரசர்களை நடத்திய அதே மூச்சில், எந்த வருஷம் லாரி வந்தது, என்ன சொல்லி ஏற்றினார்கள், யார் யார் போனார்கள் என்பதையும் பாடமாகச் சொன்னாள். தோட்டத்து ஆபீஸுக்குக் கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி, "பாடத்திட்டத்துல இதெல்லாம் இல்லியே?" என்று கேட்டபோது, "இனிமே இருக்கும்" என்றாள்.

மாலையில் பிள்ளைகள் போனபின் கதவைப் பூட்டிக்கொண்டு மண்பாதை ஓரத்து வீட்டுக்குப் போவாள். ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். சில நாள் செல்லாயி வந்து படியில் உட்கார்வாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். இருட்டும் முன் செல்லாயி எழுந்து லயத்துக்குப் போய்விடுவாள். குணவதி வாசலில் நின்று, அவள் போவது தெரியும் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வருவாள்.